கூப்பிடு தூரம்தான், நடுவுல சுவர் இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை புறநகர் டிராஃபிக் பத்தி நீங்க போட்ட கட்டுரைல ஒரு வரி, "கூப்பிடு தூரத்தில் பஸ் ஸ்டாப் இருந்தும் வண்டியைத்தான் எடுக்கிறார்கள்"னு. அன்னிலேர்ந்து மனசு ஆறல. இருபது வருஷமா உங்க பேப்பர் வாங்குறவ நான், அந்த உரிமைல எழுதறேன்.

எங்க வீடு சென்னைக்குத் தெக்கே, புறநகர்ல, சித்தாலப்பாக்கம் பக்கம். மொட்டை மாடில நின்னா அந்த ஸ்டாப்ல நிக்கிறவங்க புடவை கலர் வரைக்கும் தெரியும். ஆனா எங்க தெரு முடியற எடத்துல பக்கத்து லேஅவுட்காரங்க எட்டடிக்கு சுவர் எழுப்பியிருக்காங்க. மெயின் ரோட்டுக்குப் போயி, பிளாட்பாரமே இல்லாத ஓரத்துல லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி சுத்திப் போக இருபத்தஞ்சு நிமிஷம், முட்டி வலியோட நான் எப்படி நடக்கிறது சொல்லுங்க. 2006-ல நாங்க வந்தப்ப அது வயல், வரப்பு மேல நடந்து அஞ்சே நிமிஷத்துல பஸ் பிடிச்சோம்.

நான் பொறந்து வளந்தது தி.நகர். 1920-கள்ல ஏரியத் தூத்து உண்டாக்கின ஊர்தான், ஏரி போனது போனதுதான், ஆனா மொத்த ஊருக்கும் சேத்து தெரு போட்டாங்க. ஒரு தெருவ பந்தல் போட்டு அடைச்சா அடுத்த தெருவுல பூந்து போயிடுவோம். அண்ணா நகரும் அப்படித்தான். இங்க ஒருத்தர் வித்த ரெண்டு ஏக்கர் ஒரு நகர், பக்கத்து ரெண்டு ஏக்கர் இன்னொரு நகர், புரமோட்டர் அவர் மனைக்கு மட்டும் ரோடு போடறார், பழைய வரப்பு எங்க இருந்துச்சோ அங்க வந்து ரோடு முட்டி நிக்குது. அத்தனை நகருக்கும் வாசல் அந்த ஒரே மெயின் ரோடு, பின்ன நெரிசல் எப்படி வராம இருக்கும்? லேஅவுட் ரோட்ட உள்ளாட்சிக்கு தானப் பத்திரம் எழுதித்தானே கொடுக்கிறாங்க, அப்ப அது ஊர் ரோடு, அத அடுத்த ரோட்டோட சேருங்கன்னு சொல்ல யாருக்கும் தோணலையா? 2022-ல சென்னைப் பெருநகர எல்லைய 1,189 சதுர கிலோமீட்டர்லேர்ந்து 5,904-க்கு விரிச்சாங்க. அங்க இருக்கிற வயலெல்லாம் இப்படியே துண்டு துண்டாப் போயிடுமோன்னு வயித்தக் கலக்குது.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்த ராத்திரி, ஆம்புலன்ஸ் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்னுச்சு. சைரன் கேக்குது, லைட் மரத்து மேல சுத்துது, வண்டி சுத்தி இங்க வர பத்து நிமிஷம் ஆச்சு. பொழச்சுட்டார், கடவுள் புண்ணியம். அப்ப நான் எழுதின கடிதத்த நீங்க போடல. அதுக்காக அப்ப ஒரு வார்த்தை கேக்கல, இப்ப எங்களையே குத்தம் சொன்னதும் தாங்க முடியல.

அந்தச் சுவர்ல ஒரு ஆள் நுழையற அளவுக்கு சின்ன கேட் வைக்கச் சொல்லி மனு குடுத்துக் குடுத்து ஓஞ்சு போயிட்டோம். உங்க நிருபர ஒரு நாள் சாயங்காலம் அனுப்புங்க, என் வாசல்லேர்ந்து அந்த ஸ்டாப் வரைக்கும் என்கூட நடக்கட்டும். அப்புறம் அந்த வரிய திருத்திப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சித்தாலப்பாக்கம்