தொதல் தின்று வந்த நோயல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நெல்லிக்காய், மஞ்சள், இஞ்சி எல்லாம் சரி, சாப்பிடட்டும். ஆனால் மூன்று பக்கக் கட்டுரையில், எதிர்ப்பு செல்கள் வளரும் இடமான தைமஸ் சுரப்பிக்கு ஒரே ஒரு வரி, அதுவும் சிறுவயதுக்குப் பிறகு பயனில்லாத உறுப்பு என்று! வயது வர வர அது சுருங்கிக் கொழுப்பாகிறது என்பது உண்மைதான், ஆனாலும் பெரியவர்களிடமும் கொஞ்சமாவது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. 1961இல் ஜாக் மில்லர் என்ற ஆராய்ச்சியாளர் அப்போதுதான் பிறந்த எலிக்குட்டிகளிடமிருந்து தைமஸை எடுத்துப் பார்த்து, அவை தொற்றுகளைத் தாங்க முடியாமல் போவதைக் காட்டும் வரை மருத்துவ உலகமும் இப்படித்தான் அலட்சியமாக இருந்தது.

நான் எழுத வந்தது அதற்காக மட்டுமல்ல. எங்கள் கீழக்கரையில் ஒரு சின்னப் பிள்ளைக்கு முதல் வகை சர்க்கரை நோய். மாமியாரிலிருந்து அடுத்த வீட்டு லாத்தா வரை எல்லாரும் அந்தத் தாயைத்தான் குற்றம் சொல்கிறார்கள், எங்கள் ஊர் இனிப்பான தொதலை வாங்கி வாங்கிக் கொடுத்தே பிள்ளையைக் கெடுத்துவிட்டாளாம். போதாக்குறைக்கு உங்கள் கட்டுரையைப் படித்த ஒருவர் எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் வந்தது என்று ஒரு பவுடர் டப்பாவையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

விஷயம் நேர் எதிர். இந்த நோயில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதே நம் டி செல்கள்தான், அதாவது கிருமிகளை எதிர்க்க வேண்டிய ஒருவகை வெள்ளை அணுக்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் செல்கள் தைமஸில்தான் டி செல்களாக வளர்கின்றன. தைமஸின் வெளிப்பகுதியில் உள்ள எபிதீலிய செல்கள் (சுரப்பியின் சொந்தத் திசு செல்கள்), நம் உடம்பின் அடையாளப் புரதங்களைப் படிக்கத் தெரிந்தவற்றை மட்டும் வாழவிடுகின்றன, மற்றவை அங்கேயே செத்துப்போகும். தேறியவை உள்பகுதிக்குப் போனால் அங்கே இன்னொரு வகை எபிதீலிய செல்கள். எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது இவைதான், நெஞ்செலும்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு கணையத்தின் இன்சுலின், தைராய்டின் புரதம், கண்ணின் புரதம் என்று உடம்பில் எங்கெங்கோ இருக்கும் சரக்கையெல்லாம் துளித்துளியாகத் தாங்களே தயாரித்துக் காட்டுகின்றன! அதைப் பார்த்து முறைக்கிற, அதாவது தாக்கத் துடிக்கிற டி செல்லுக்குப் பெரும்பாலும் சாவுதான், சில மட்டும் மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் காவல் செல்களாக மாறுகின்றன. 2025 மருத்துவ நோபல் பரிசு இந்தக் காவல் செல்களைக் கண்டுபிடித்தவர்களுக்குத்தான். ஆக, தைமஸுக்குள் வளரும் செல்களில் நூற்றுக்கு 95க்கு மேல் வெளியே வருவதே இல்லை.

இப்படிப் பலவகைச் சரக்கையும் தயாரிக்க வைப்பதில் ஏயர் என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு. 1997இல் கண்டுபிடித்தார்கள். அது பழுதாகிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு, அரிதுதான், சொந்த சுரப்பிகளையே உடம்பு ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்குகிறது. இன்சுலின் விஷயத்திலும் அப்படித்தான்: இன்சுலின் மரபணுவின் அருகில் இருக்கும் ஒரு வேறுபாட்டால் சிலருடைய தைமஸ் இன்சுலினைக் குறைவாகத் தயாரிக்கிறது, அவர்களுக்கு முதல் வகை சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல். இது மட்டுமே காரணம் இல்லை, வேறு மரபணுக்களும் சூழலும் சேர வேண்டும். ஆனால் தொதல் அந்தப் பட்டியலில் இல்லை. பெற்ற தாயின் வளர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அதனால் எதிர்ப்பு சக்தி என்றாலே கூட்டு, கூட்டு என்று எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அதை அடக்கி வைப்பதற்கும் உடம்பு இவ்வளவு பாடுபடுகிறது என்று ஒரு பக்கமாவது போடுங்கள். கூடவே பிள்ளைகளுக்குத் தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், தூக்கத்தில் படுக்கையை நனைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது இவை தென்பட்டால் அன்றைக்கே சர்க்கரையைப் பரிசோதிக்கச் சொல்லிப் பெரிய எழுத்தில் போடுங்கள், இன்சுலினை நிறுத்திவிட்டுப் பவுடரைக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து என்பதையும். அந்தக் கட்டுரைக்கு அடுத்த பக்கத்திலேயே அதே மாதிரிப் பவுடர் விளம்பரம் வந்திருந்ததே, அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கீழக்கரை வாசகி