ஓலைச்சுவடியிடம் ஐஎஸ்பிஎன் கேட்ட படிவம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மகளின் திருமணம் நல்லபடியாக நடந்தேறியதை அறிந்து மகிழ்ந்தேன். நேரில் வர இயலாமற்போனதற்கு என் முழங்கால் வலியைத்தான் குறை சொல்ல வேண்டும். உங்கள் நூலகத்திலும் கோஹா என்னும் நூலக மேலாண்மை மென்பொருளை நிறுவப்போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நூல், பருவ இதழ், ஆய்வேடு, சுவடி, ஒலிநாடா என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியலாக்கப் படிவம் வேண்டுமா, அல்லது ஒரே படிவத்தை வைத்துச் சமாளித்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தனித்தனியாகத்தான் வேண்டும் என்பது என் பதில். ஆனால் அந்தப் பதிலை அடைவதற்குள் நான் செய்த தவறுகளையும் எழுதினால்தான் உங்களுக்குப் பயன்படும் என்பதால் கடிதம் சற்று நீளும்.

எங்கள் கல்லூரி நூலகத்துக்கு இந்த மென்பொருள் வந்தபோது அதை நிறுவித் தந்தவர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே படிவத்தை வைத்து, அதில் 020 என்னும் புலத்தை (நிரப்பவேண்டிய கட்டத்தை), அதாவது நூல்களுக்கான ஐஎஸ்பிஎன் என்னும் அடையாள எண்ணை, கட்டாயம் நிரப்ப வேண்டியதாக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த எண்முறை உலகத் தரமானதே 1970-இல்தான். எங்களிடமுள்ள தமிழ் நூல்களில் பெரும்பகுதி அதற்கு முன் அச்சானவை. பின்னால் வந்தவற்றிலும் ஆசிரியரே அச்சிட்டு வெளியிட்டவற்றில் அந்த எண்ணைத் தேடினாலும் கிடைக்காது. அந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் பதிவு சேமிக்கப்படாது என்பதால் எங்கள் பணியாளர்கள் சில இடங்களில் பூச்சியங்களையும், சில இடங்களில் 'இல்லை' என்ற சொல்லையும் தட்டச்சு செய்துவைத்தார்கள். ஒரு நாள் ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றின் பதிவைத் திறந்து பார்த்தபோது அதன் ஐஎஸ்பிஎன் 'இல்லை' என்றும், வெளியீட்டாளர் 'தெரியாது' என்றும், பக்கங்கள் 'ஓலை' என்றும் இருந்தன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிவம் பொருந்தாத கேள்வியைக் கேட்டது. அவர்கள் தங்களுக்குத் தெரிந்த வகையில் அதன் வாயை அடைத்தார்கள். நாம் படித்த காலத்தில் பன்னிரண்டரைக்கு ஏழரை சென்டிமீட்டர் நூற்பட்டியல் அட்டையில் கையால் எழுதியபோது, அட்டை நம்மிடம் எதையும் வற்புறுத்தியதில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

கோஹாவில் பிரேம்வொர்க் என்று வழங்கப்படுவதைச் சட்டகம் என்று எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நூலகப் பதிவுகளைக் கணினி படிப்பதற்கான மார்க் 21 வடிவத்தில் உள்ள எண்ணிட்ட புலங்களில் எவை திரையில் தோன்ற வேண்டும், எவை கட்டாயம், எவை மீண்டும் வரலாம், எதற்கு முன்கூட்டியே மதிப்பு இடப்பட்டிருக்க வேண்டும், எதைப் பட்டியலிலிருந்து மட்டுமே தெரிவுசெய்ய வேண்டும் என்பனவற்றையெல்லாம் முடிவு செய்வது இந்தச் சட்டகமே. நிறுவும்போதே நூல், தொடர் வெளியீடு, ஒலிப்பதிவு முதலியவற்றுக்கு மாதிரிச் சட்டகங்களும், அவசரமாக ஒரு நூலை ஏற்றுவதற்கான குறுஞ்சட்டகம் ஒன்றும் உடன்வருகின்றன. நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த மென்பொருள் இது. மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை என்று பொருள். கொடையாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சட்டகத்தைப் பொறுத்தவரை நான் பார்க்கத்தான் சொல்வேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சட்டகம் வேறு, ஐட்டம் டைப் என்னும் பொருள்வகை வேறு. பட்டியலாக்குபவரிடம் என்ன கேட்பது என்பதைச் சட்டகம் தீர்மானிக்கிறது. எத்தனை நாளுக்கு இரவல் தருவது, தருவதா கூடாதா என்பதையெல்லாம் பொருள்வகையை ஒட்டிய விதிகள் தீர்மானிக்கின்றன. பார்வை நூலும் இரவல் நூலும் வெவ்வேறு பொருள்வகைகள், ஆனால் இரண்டுக்கும் கேட்கவேண்டிய கேள்விகள் ஒன்றே என்பதால் சட்டகம் ஒன்று போதும். இதை உணராமல் நான் முதலில் பதினாறு சட்டகங்களை உருவாக்கி, ஒவ்வொரு திருத்தத்தையும் பதினாறு இடத்தில் செய்து களைத்துப்போய், கடைசியில் ஆறாகக் குறைத்தேன். ஒவ்வொரு சட்டகத்திலும் 942 புலத்தின் 'சி' உட்புலத்தில் அதற்குரிய பொருள்வகையை முன்மதிப்பாக இட்டுவிட்டால் பணியாளருக்கு ஒரு வேலை குறையும்.

அடுத்ததாக, ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் வரும் குறியீட்டு வரிசையாகிய தலைப்புவரிசையைக் (லீடர்) கவனியுங்கள். இருபத்து நான்கு எழுத்திடங்கள் கொண்ட அந்த வரிசையில் ஆறாம் இடத்தில் உள்ள ஒற்றை எழுத்துத்தான் இது அச்சுநூலா, கையெழுத்துப் படியா, நிலப்படமா, ஒலிப்பதிவா என்று மென்பொருளுக்குச் சொல்கிறது. எங்கள் பொதுச் சட்டகத்தில் எல்லாவற்றுக்கும் நூலுக்குரிய 'ஏ' இருந்ததால், வாசகர் தேடல் பக்கத்தில் ஒலிநாடாக்கள்கூட நூல் என்ற அடையாளத்துடன் காட்சி தந்தன. இப்போது சுவடிச் சட்டகத்தில் 'டி' (t), நிலப்படச் சட்டகத்தில் 'இ' (e) என முன்மதிப்பாக இட்டுவைத்திருக்கிறேன். இந்த எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்; நடுவில் உள்ள ஒரு வெற்றிடத்தை நீங்கள் அறியாமல் அழித்துவிட்டால் அதற்குப் பின்னுள்ளவை எல்லாம் ஓரிடம் முன்னே நகர்ந்துவிடும்.

காலம், நாடு, மொழி முதலியவற்றைக் குறியீடுகளாகக் கொள்ளும், நாற்பது இடங்கள் கொண்ட 008 புலத்திலும் இதே போன்ற ஒரு பொறி உண்டு. மொழியைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டை நாமாக மாற்றாவிட்டால் மென்பொருள் அங்கே ஆங்கிலத்தை இட்டுவிடுகிறது. அதனால் எங்கள் தமிழ் நூல்கள் பல, ஆண்டுக்கணக்கில் ஆங்கில நூல்களாகவே பதிவாகியிருந்தன. மொழியைத் தமிழ் என்று வரையறுத்துத் தேடிய மாணவர்களுக்கு அவற்றில் ஒன்றும் அகப்படவில்லை. இது சட்டகத்தில் திருத்த வேண்டியதுகூட இல்லை. அமைப்பு விருப்பங்களில் இயல்பு மொழியையும் நாட்டையும் ஒரு முறை மாற்றினால் இனி ஏறும் பதிவுகளுக்குத் தீர்ந்தது. பழைய பதிவுகளை மொத்தமாகத் திருத்திக்கொள்ள வேண்டும்.

சுவடிச் சட்டகத்துக்குத்தான் நான் அதிக நாள் செலவிட்டேன். முதலில் கணினியை அணைத்துவிட்டு, சுவடிகளைப் படிக்கத் தெரிந்த எங்கள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரை அழைத்து, ஒரு கட்டைக் கையிலெடுத்ததும் எதையெல்லாம் குறித்துக்கொள்வீர்கள் என்று கேட்டு, அவர் சொன்னவற்றை வரிசையாக எழுதிக்கொண்டேன். ஏடுகளின் எண்ணிக்கை, நீள அகலம், பக்கத்துக்கு எத்தனை வரி, எழுத்து தமிழா கிரந்தமா, முழுமையா குறையா, பூச்சி அரித்ததா, தொடக்க வரி, முடிவு வரி, படியெடுத்தவர் இறுதியில் எழுதிவைத்த குறிப்பு, யார் வீட்டிலிருந்து வந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் மார்க்கில் இடம் இருக்கிறது: அளவும் எண்ணிக்கையும் 300-இல், ஓலை என்னும் எழுதுபொருள் 340-இல், எழுத்துவகை 546-இல், கைமாறிய வரலாறு 561-இல், பேணுதற்காகச் செய்த பணி 583-இல். ஒரே கட்டில் மூன்று நான்கு நூல்கள் சேர்ந்து கிடப்பது வழக்கம் என்பதால், உள்ளடக்கப் பட்டியலுக்கான 505-ஐயும் சேர்த்தேன். இந்தப் புலங்கள் எல்லாம் அவற்றின் முதல் இலக்கப்படி திரையின் வெவ்வேறு டேப்களில் (தாவல்களில்) சிதறிக்கிடக்கும். அவற்றை ஒரே டேப்புக்குக் கொண்டுவந்து, தமிழாசிரியர் சொன்ன அதே வரிசைக்கு ஏறக்குறைய நெருக்கமாக வைத்தேன். ஒரு புலத்தின் உட்புலங்களைப் பிரித்து வேறு வேறு டேப்களில் வைக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை; பிழை இருந்தால் நிர்வாகப் பகுதியிலுள்ள சட்டகச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

காலத்தைக் குறிப்பதில்தான் நாங்கள் இருவரும் திணறினோம். படியெடுத்தவர் பிரபவ ஆண்டு, கார்த்திகை மாதம் என்று எழுதிவைத்திருப்பார். அறுபதாண்டுச் சுழற்சியில் பிரபவ என்பது 1867-உம் ஆகலாம், 1927-உம் ஆகலாம். கொல்லம் ஆண்டு குறித்திருந்தால் 825-ஐக் கூட்டி ஏறக்குறைய ஆங்கில ஆண்டைக் கண்டுகொள்ளலாம். சுழற்சி ஆண்டுக்கு அந்த வசதி இல்லை. ஆண்டு என்ற கட்டத்தைக் கட்டாயமாக்கினால் யாராவது ஒருவர் துணிந்து ஓர் எண்ணை எழுதிவிடுவார், அது பிறகு ஆய்வுக் கட்டுரைகளில் ஏறி உண்மையாகிவிடும். எனவே அந்தக் கட்டாயத்தை நீக்கி, சுவடியில் உள்ளதை உள்ளபடியே எழுதுவதற்கு ஒரு குறிப்புப் புலத்தை வைத்து, 008-இல் ஐயத்துக்குரிய கால எல்லை என்பதற்கான குறியீட்டையும் இரு எல்லை ஆண்டுகளையும் இடச் சொன்னேன். எங்கள் நூலகத்தில் நான் செய்தவற்றில் எனக்கு மனநிறைவு தந்தது இதுவே.

ஒலிநாடாக்களில் வேறொரு வேடிக்கை. இசைப் பதிவுக்கு 'ஜே' என்றும் இசையல்லாத பதிவுக்கு 'ஐ' என்றும் மார்க் பிரிக்கிறது. பட்டிமன்றத்துக்கு 'ஐ' என்பதில் தயக்கமில்லை. வில்லுப்பாட்டை எதில் வைப்பது? பாட்டும் கதையும் பின்னிப்பிணைந்த அந்தக் கலைக்கு இந்த இரு பெட்டிகளில் எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. அரை நாள் வாதாடிய பின், தேடி வருபவர் இசைப் பகுதியில்தான் முதலில் பார்ப்பார் என்று 'ஜே'யில் சேர்த்தோம்; நீங்கள் மாறுபட்டாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆய்வேட்டுச் சட்டகம் எளியது: 502-இல் பட்டமும் பல்கலைக்கழகமும் ஆண்டும், 700-இல் நெறியாளர் என்ற உறவுச் சொல்லுடன் அவர் பெயர், அவ்வளவே. பருவ இதழுக்கு ஐஎஸ்எஸ்என் என்னும் இதழ் அடையாள எண், வெளிவரும் கால இடைவெளி, முன்னைய பெயரையும் பின்னைய பெயரையும் இணைக்கும் 780, 785 ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். நம் சிற்றிதழ்கள் பெயர் மாறுவதும் நின்று மீண்டும் தொடங்குவதும் உங்களுக்குத் தெரியாததா.

இனி என் பெரிய தவற்றைச் சொல்கிறேன். தேவையற்ற கேள்விகள் வேண்டாம் என்ற உற்சாகத்தில், நூல் சட்டகத்திலிருந்து நாங்கள் வழக்கமாக நிரப்பாத புலங்களையெல்லாம் அடியோடு நீக்கிவிட்டேன். அவற்றுள் 505-உம் ஒன்று. சில வாரங்களுக்குப் பிறகு புதிதாகச் சேர்ந்த பணியாளர் ஒருவர், பழைய பொதுச் சட்டகத்தில் ஏற்றப்பட்ட சிறுகதைத் தொகுப்புகளைப் புதிய சட்டகத்துக்கு மாற்றி, தலைப்பிலுள்ள எழுத்துப் பிழைகளைத் திருத்திச் சேமித்துக்கொண்டே வந்தார். சட்டகத்தில் இல்லாத புலம் திருத்தும் திரையில் தோன்றுவதில்லை. திரையில் தோன்றாதது சேமிக்கும்போது பதிவிலிருந்தே போய்விடுகிறது. ஒவ்வொரு தொகுப்பிலும் என்னென்ன கதைகள் இருக்கின்றன என்று முந்தைய ஆண்டு மாணவர்கள் கோடை விடுமுறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்த பட்டியல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. ஒரு மாணவி, போன மாதம் தேடிக் கிடைத்த கதை இன்று கிடைக்கவில்லை என்று வந்து சொன்ன பிறகே எனக்குத் தெரிந்தது. இரவுதோறும் எடுக்கும் காப்புப் பிரதியிலிருந்து பெரும்பாலானவற்றை மீட்டோம். சிலவற்றை மீண்டும் நூலைப் பார்த்துத் தட்டச்சு செய்தோம். அந்தப் பணியாளரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், ஏனெனில் அவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை.

ஆகவே புலங்களை நீக்காதீர்கள், மடித்துவையுங்கள். உட்புலத்தின் தோற்ற அமைப்பில் அதற்கான வாய்ப்பு இருக்கிறது. மடித்துவைத்தது கண்ணை உறுத்தாது, வேண்டும்போது விரித்துக்கொள்ளலாம், உள்ளிருக்கும் தரவும் பத்திரமாக இருக்கும். வெளி நூலகங்களிலிருந்து பதிவுகளை இறக்கிக்கொள்ளும்போது இது இன்னும் முக்கியம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலிருந்து வரும் தமிழ் நூல் பதிவுகள் பெரும்பாலும் ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் இருக்கின்றன. நான் தலைப்புக்கான 245-இல் தமிழ் எழுத்தில் தலைப்பை இட்டு, ரோமன் வடிவத்தை மாற்றுத் தலைப்புக்கான 246-க்கு நகர்த்திவிடுகிறேன். வேற்றெழுத்து வடிவத்துக்கென்றே 880 இருக்கிறதே என்று விதி தெரிந்தவர்கள் கடிந்துகொள்வார்கள். எங்கள் மூன்று பணியாளர்களும் பிழையின்றிச் செய்யக்கூடியது 246-தான்.

ஆசிரியர் பெயர் விஷயத்தில் சட்டகம் ஓரளவுக்கே உதவும். தலைப்பெழுத்தை முன்னே போடுவதா பின்னே போடுவதா, புள்ளிக்குப் பின் இடைவெளி உண்டா இல்லையா என்பதை எந்தப் படிவமும் தீர்மானித்துத் தராது. 100, 700 புலங்களை ஆசிரியர் பெயர்க் கோப்புடன் இணைத்து, அங்கிருந்தே தெரிவுசெய்யும்படி கட்டாயப்படுத்தியிருக்கிறேன். தொடக்கத்தில் முணுமுணுத்தார்கள், இப்போது ஒரே எழுத்தாளர் நான்கு பேராகப் பிரிந்து நிற்பது குறைந்திருக்கிறது.

என் ஆறு சட்டகங்களையும் விரிதாள் கோப்புகளாக ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் அனுப்புகிறேன். அவற்றை உங்கள் மென்பொருளில் இறக்கும்போது அதே பெயரில் முன்பிருந்த சட்டகம் முற்றிலும் மாற்றப்பட்டுவிடும் என்பதால், புதிதாக நான்கெழுத்துக் குறியீட்டில் ஒரு வெற்றுச் சட்டகத்தை உருவாக்கி அதற்குள் இறக்குங்கள். சுவடிச் சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நிலப்படச் சட்டகத்தை நம்ப வேண்டாம். 255-இல் அளவுத்திட்டத்தைக் கட்டாயமாக்கியிருந்தேன், பழைய கையால் வரைந்த ஊர்ப் படங்கள் பலவற்றில் அளவுத்திட்டமே இல்லை என்பதை இந்த மாதம்தான் கண்டேன். உங்களிடம் அத்தகைய படங்கள் நிறைய இருக்கின்றன அல்லவா? அவற்றைக் கையிலெடுத்தால் முதலில் எதைக் குறித்துக்கொள்வீர்கள் என்று வரிசையாக எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகு அந்தச் சட்டகத்தைத் திருத்துகிறேன்.

இல்லத்தில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வகுப்புத் தோழன்