அம்மை போட்ட வரைபடம்

அன்புள்ள குமாரவேலுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி குறைந்ததில் மகிழ்ச்சி. இனியாவது மருத்துவர் சொல்வதைக் கேள். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குத் தேர்வு முடிந்துவிட்டது, கேம் கன்ட்ரோலர் அவளிடமிருந்து என் கைக்கு வருவதே இல்லை.

படுத்தபடி விளையாட ஒரு வீடியோ கேம் சொல் என்று கேட்டிருந்தாய். அதற்கு முன் என் புலம்பலைக் கேட்டுவிடு. போன சனிக்கிழமை இரவு இரண்டு மணி நேரம் கிடைத்தது. அப்டேட் இறங்கவே முக்கால் மணி போயிற்று. பிறகு தினசரிப் பரிசு, சீசன் பாஸ், மூன்று வகை நாணயம், கடையில் புதுச் சட்டை. எல்லாவற்றையும் மூடிவிட்டு வரைபடத்தைத் திறந்தால் அம்மை போட்ட முகம்போல எங்கும் குறிகள். ஒன்றை அழுத்தினேன், தரையில் ஒரு கோடு தோன்றியது. அதைப் பார்த்தபடியே ஓடினேன். வழியில் ஒரு மலை இருந்ததாம், மறுநாள் சின்னவள் சொன்னாள்.

1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் திரை நினைவிருக்கிறதா? மாரியோ இடப்பக்கம் நிற்பான், வலப்பக்கம் வெட்டவெளி. போகும் திசையை யாரும் எழுதிவைக்கவில்லை. கூம்பா என்ற குட்டி எதிரி நடந்து வரும், குதிக்காவிட்டால் சாவு. கேள்விக்குறிக் கட்டையை முட்டினால் காளான் வெளியே வந்து, குழாயில் மோதி, நம்மை நோக்கியே திரும்பும். இதுவும் எதிரியோ என்று பயந்து விலகப் பார்ப்போம், தப்ப முடியாது. தொட்டதும் வளர்ந்துவிடுவோம். ஒரு வரி விளக்கம் இல்லாமல் எத்தனை பாடம்!

அடுத்தது, விற்ற பிறகு கவனிக்கும் பொறுப்பு. நோ மேன்ஸ் ஸ்கை என்ற விண்வெளி கேம் 2016 ஆகஸ்டில் வந்தபோது, சொன்னதில் பலவும் அதில் இல்லை என்று எல்லோரும் திட்டினார்கள். செய்தவர்கள் ஓடிப்போகவில்லை. இலவச அப்டேட்டாகவே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2018இல்தான் முறையாகச் சேர்ந்து விளையாட முடிந்தது. அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அரைவேக்காட்டை விற்றுவிட்டுப் பிறகு வேகவைத்துக்கொள்ளலாம் என்ற துணிச்சல் மற்றவர்களுக்கு வந்துவிட்டதோ என்றும் எனக்குச் சந்தேகம்.

அதைவிடக் கசப்பானது தி க்ரூ. 2014இல் வந்த கார்ப் பந்தயம். 2024 மார்ச் 31இல் சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர் தன்னந்தனியாகக்கூட ஒரு தெருவில் வண்டி ஓட்ட முடியாது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த கான்கார்ட் என்ற கேம் இரண்டே வாரத்தில் மூடப்பட்டது. அங்கே பணத்தையாவது திருப்பிக் கொடுத்தார்கள். நீ மென்பொருள் எழுதியவன், சர்வருக்குச் செலவாகும் என்பாய். சரி, நிறுத்தட்டும். போகும்போது இணையம் இல்லாமல் ஓடும்படி ஒரு கடைசி அப்டேட் கொடுத்துவிட்டுப் போகலாம் அல்லவா? முதல் நாளிலேயே திட்டமிட்டிருந்தால் அது மலையைப் புரட்டும் வேலையா? நீயே சொல்.

உனக்கு நான் சொல்வது ஹாலோ நைட். 2017இல் மிகச் சிறிய குழு ஒன்று செய்தது. அடுத்த ஆண்டுக்குள் நான்கு முறை புதிய பகுதிகளை இலவசமாகச் சேர்த்தார்கள். இணையம் இல்லாமலே ஓடும். புது இடத்துக்குப் போனால் வரைபடம் கையில் இருக்காது. தரையில் காகிதங்கள் சிதறிக் கிடக்கும், எங்கோ ஒருவன் முணுமுணுப்பது கேட்கும். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே போனால் கார்னிஃபர் என்ற வரைபடக்காரன் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பான். அவனிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். அதிலும் நாம் நிற்கும் இடம் தெரியாது, அதற்குத் தனியாகத் திசைகாட்டி வாங்க வேண்டும்! நான் முதல் நாள் ஒரே குகையை நான்கு முறை சுற்றினேன், கொஞ்சமும் கோபம் வரவில்லை.

அதில் வரும் ஹார்னெட் என்ற பெரிய எதிரியிடம் சின்னவள் இதுவரை பதினொரு முறை தோற்றிருக்கிறாள். நீ எத்தனை முறை என்று மறைக்காமல் எழுது, அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
சேகர்