எட்டாம் வகுப்பு பி பிரிவு

கலை,

போனைத்தான் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் இதையாவது படி. சித்தி ஏதோ சொன்னாள். அவள் பேச்சில் பாதியைத் தள்ளிவிடுவது நம் வழக்கம்தானே, நானும் துருவிக் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம். தொண்டை எப்படி இருக்கிறது? கத்தாதே. ஊட்டியில் இந்த வருஷம் குளிர் எப்படி என்றால், சரி, அதை அப்புறம் எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பு பி பிரிவு எந்த ஸ்கூலிலும் அப்படித்தான். நீ சத்தத்தை ஏற்ற ஏற்ற அதுகளும் ஏற்றும். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, சாக்பீஸும் கையுமாகச் சும்மா நில். முதலில் சிரிக்கும், அப்புறம் ஒன்றையொன்று முழங்கையால் இடித்து அடக்கும். கேள்வி கேட்கும்போது பேரை முதலில் சொன்னால் மற்றவர்களுக்கெல்லாம் அப்போதே லீவு விட்ட மாதிரி. கேள்வியைப் போடு, மனசுக்குள் ஐந்து எண்ணு, அப்புறம் பேரைச் சொல். உனக்கு அந்தப் பொறுமை கிடையாது, சின்னதிலிருந்தே, பதிலையும் நீயே சொல்லிவிடுவாய். ஆனால் நீ ப்ரிசம் வைத்துப் பாடம் நடத்திய வீடியோவை அப்பா காட்டாத ஆள் இல்லை, மார்க்கெட் கேரட் கடைக்காரர் உட்பட.

கை மட்டும் நீட்டாதே. 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் 17-வது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனசு நோக வைப்பதையும் தடுக்கிறது. உனக்குத் தெரியாததா. எதையும் மனசில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை.

கடைசி பெஞ்சில் வாலாட்டுகிறவனை வெளியே நிறுத்தினால் அவனுக்குக் கொண்டாட்டம். அவன் கையில் தெர்மாமீட்டரைக் கொடு. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்கிறது புத்தகம். இங்கே எங்கள் லேபில் அது 93-ஐத் தாண்டியதே இல்லை. தெர்மாமீட்டர் ரிப்பேர் டீச்சர் என்பார்கள், வேறொன்றை வைத்துப் பார்ப்பார்கள், அதுவும் அதையே காட்டும், அப்போது வகுப்பு தானாக அடங்கும், யாரும் அதட்ட வேண்டியதில்லை. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, கொதிக்க அவ்வளவு சூடு தேவையில்லை என்பது மெதுவாக அவர்கள் வாயிலிருந்தே வரட்டும். குக்கர் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் பருப்பு வேக அதனால்தான் இவ்வளவு நேரமா என்று ஒருத்தி கேட்டுவிட்டாள் என்றால் அன்றைய பாடம் முடிந்தது.

நீ இருப்பது கடலூரில், 100-க்குப் பக்கத்தில் காட்டும். ஒரு பீரியடைச் சொல், நான் இங்கே கொதிக்க வைக்கிறேன், நீ அங்கே வை, போனை ஸ்பீக்கரில் போடு. பெண்களை முடியைக் கட்டச் சொல். ஸ்பிரிட் விளக்கை வாயால் ஊதக் கூடாது, மூடி போட்டுத்தான் அணைக்க வேண்டும். தெர்மாமீட்டர் குமிழ் பாத்திரத்தின் அடியில் முட்டக் கூடாது. நீயும் கத்தக் கூடாது.

ரீடிங்கை அந்தப் பையனே படிக்கட்டும், சித்தி சொன்னாளே, அவன். பேர் என்ன என்று எழுது, நான் பேர் சொல்லிக் கேட்கிறேன்.

அம்மா