மீட்டர் தெரிந்த காலம்

அம்பாசமுத்திரம்
ஐப்பசி

அன்புள்ள சுப்பையாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் மதினியும் பிள்ளைகளும் நலம்தானே? பிசானத்துக்கு நாற்றுப் பாவியாயிற்று. மழை மலையோரம் மட்டும் பெய்கிறது, ஊருக்குள் தூறலோடு சரி.

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த டெலிபோன் பில்லும் கிடைத்தன. கடிதத்தைவிட பில்லைத்தான் அதிகம் படித்தேன். பழைய தொழில் புத்தி போகுமா?

அக்கா மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தபோது நீ யாருக்கும் அந்த அமெரிக்க எண்ணிலிருந்து பேசவில்லை என்பதற்கு நானே சாட்சி. பேசியதெல்லாம் என் போனில். ஆனாலும் நீ இங்கே இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ரோமிங் கட்டணம் போட்டிருக்கிறார்கள். பாபநாசம் போனோமே, அந்தத் தேதியைத் தேடிப் பார்த்தேன். அதுவும் இருக்கிறது. அன்றைக்கு நீ படித்துறையில் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தாய். உன் போன் என் ஸ்கூட்டர் பெட்டிக்குள் துண்டுக்கு அடியில் கிடந்தது. பெட்டிக்குள் கிடந்தபடியே அது பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்து, மின்னஞ்சலையோ வானிலையையோ எதையோ தன்பாட்டுக்கு இறக்கியிருக்கிறது. உடனே ஒரு நாள் கட்டணம் விழுந்துவிட்டது. கேட்டால், "நீங்கள்தானே ஒப்புக்கொண்டீர்கள்" என்கிறார்களாம். புதுப் போன் வாங்கிய அன்று கடையில் நீ அழுத்திய ஏதோ ஒரு பொத்தானுக்குள் அந்த ஒப்புதல் இருந்ததாம். படித்தவன் உனக்கே இந்தக் கதி.

நான் ஸ்டேஷன் ரோட்டில், வெளியூர்களுக்குக் காசு கொடுத்துப் பேசுகிற எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். நீ அமெரிக்கா போன புதிதில் உன் அம்மா அங்கே வந்துதான் உன்னோடு பேசுவார்கள். கண்ணாடி அறைக்குள் போனுக்கு மேலே ஒரு சிறு பெட்டி. அதில் சிவப்பு எழுத்தில் சுழற்றிய எண், போன நேரம், ஆன தொகை எல்லாம் ஓடும். தூரம் கூடக்கூட கட்டண யூனிட் விழுகிற இடைவெளி குறையும். சேரன்மகாதேவிக்குப் பேசினால் எண் ஆற அமர மாறும். பம்பாய்க்குப் பேசினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் மாறும். அமெரிக்காவுக்கு என்றால் கேட்கவே வேண்டாம். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வருகிற ஒரு அம்மாள், தாராவியில் இருந்த மகனோடு பேசும்போது முகத்தை மகன் பக்கம் வைத்திருப்பது போலவே அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மடியில் எவ்வளவு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த எண் வந்ததும், மகன் பாதி வாக்கியத்தில் இருந்தாலும், "ஓடுகிறது, வைக்கிறேன்" என்று வைத்துவிடுவார்கள். வெளியே வந்தால் என் மெஷின் ஒரு துண்டுச் சீட்டை அடித்துக் கொடுக்கும். எண், நேரம், தொகை. தகராறு வந்தால் சீட்டைக் காட்டிப் பேசலாம்.

இரவில் கட்டணம் படிப்படியாகக் குறையும், பத்து பதினொன்றுக்கு மேல் கால் பங்குதான். அந்த நேரத்துக்காக வெளி பெஞ்சில் கூட்டம் காத்திருக்கும். இரண்டு நிமிடம் இருக்கிறது என்றால் யாரும் உள்ளே போகமாட்டார்கள். கணக்குப் பார்ப்பது மெஷினுக்குள் இருக்கிற கடிகாரம். ஆனால் என் சுவர்க் கடிகாரத்தை நான் வேண்டுமென்றே பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன் என்று நினைத்துத் தன் கைக்கடிகாரத்தை எடுத்துக் காட்டியவர்கள் உண்டு. காட்டட்டும், அது அவர்கள் உரிமை.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. மணி அடிக்கத் தொடங்கியதுமே மீட்டர் ஓடும்படி வைத்திருந்த பூத்துகளும் இருந்தன. வீட்டு டெலிபோன் பில்லோ வேறு கதை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாள் வரும். பழைய அளவு, புது அளவு, கழித்தால் இத்தனை யூனிட், இவ்வளவு ரூபாய் கட்டு, அவ்வளவுதான். யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் என்று ஒரு வரி இருக்காது. பில் எகிறினால் முதலில் லைன்மேனைச் சந்தேகிப்பார்கள், பிறகு மாடியில் குடியிருப்பவரை, கடைசியில் வீட்டில் கல்லூரிக்குப் போகிற பெண்ணை. எத்தனை வீட்டில் போனுக்கு மரப்பெட்டி செய்து பூட்டுப் போட்டார்கள்! எஸ்.டி.டி.யை ரகசிய எண் கொண்டு பூட்டும் வசதி பிறகுதான் வந்தது. கண்ணுக்கு எதிரே மீட்டர் ஓடியது பூத்தில் மட்டும்தான். அதனால்தான் வீட்டில் போன் இருந்தவர்களும் சிலர் தொலைதூரத்துக்கு என் பூத்துக்கு வந்து பேசிவிட்டுப் போனார்கள்.

கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவே 1960-ல் முதல் எஸ்.டி.டி. வந்ததிலிருந்து பார்த்தால் விலை குறைந்த வேகம் பெரிய வேகம். 2003 மே மாதம் செல்போனுக்கு வருகிற அழைப்பு இலவசம் ஆயிற்று. 2006 மார்ச்சில் ஒரு ரூபாய்க்கு இந்தியா முழுவதும் ஒரு நிமிடம் பேசலாம் என்றது அரசு நிறுவனம். 2009-ல் நிமிடத்துக்குப் பதில் நொடிக்கு இவ்வளவு என்ற கணக்கு வந்தது. நான் பூத்தை மூடினேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது; மடியில் இருக்கிற காசை எண்ணிக்கொண்டு ஒரு தாய் மகனோடு பேசுகிற நிலைமை போனது நல்லதே. எனக்கு வருகிற எரிச்சல் வேறு. விலை இறங்கிய அதே காலத்தில் மீட்டரை நம் கண்ணிலிருந்து எடுத்து வேறெங்கோ வைத்துவிட்டார்கள். இப்போது நமக்குத் தெரிவது பணம் போன பிறகு வருகிற குறுஞ்செய்தி மட்டுமே.

மேலத்தெருவில் என் பெரியம்மை இருக்கிறாளே, அவள் கதையைச் சொன்னால் உனக்குப் புரியும். பொத்தான் வைத்த சின்னப் போன்தான் வைத்திருக்கிறாள். மகன் துபாயில். ரீசார்ஜ் போட்டுவிட்டுப் போனால் கொஞ்ச நாளில் பணம் குறைந்திருக்கும். ஏன் என்று தெரியாது. பார்த்தால் அவளுக்குப் போன் செய்கிறவர்களுக்கெல்லாம் மணிச் சத்தத்துக்குப் பதிலாகப் பக்திப் பாட்டு கேட்கிறது. அவளுக்கு மட்டும் அது கேட்காது, ஏனென்றால் அவள் போனுக்கு அவளே பேசப்போவதில்லை. எதையோ எப்போதோ அழுத்தியிருக்கிறாள், காசு கழிந்துகொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட சேவையைத் தொடங்கும் முன் வாடிக்கையாளரிடம் இரண்டாம் முறையும் கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-லேயே உத்தரவிட்டது. கேட்டிருப்பார்கள், அவளுக்குத் தெரியாத மொழியில் ஒரு குறுஞ்செய்தியாக. 155223-ஐ அழைத்து நிறுத்தினோம்.

அதோடு விட்டார்களா? பஸ் நிலையத்துக்கு வெளியே பெரிய குடையை விரித்து, மேசை போட்டு, சிம் விற்கிற பையன்களை நீயும் பார்த்தாய். அவர்களில் ஒருவன் இவளிடம், "பழைய சிம் இனி வேலை செய்யாது ஆச்சி, புதுசு இலவசம்" என்றிருக்கிறான். போனை வாங்கி, அதிலிருந்து தானே 1900-க்கு, நிறுவனத்தை மாற்றக் கேட்கிற போர்ட் என்ற செய்தியை அனுப்பி, வந்த எட்டு எழுத்துக் குறியீட்டை எழுதிக்கொண்டு, இவள் விரலை மெஷினில் வைத்து அழுத்தச் சொல்லி, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். சில நாளில் அவள் எண் வேறொரு நிறுவனத்துக்குப் போய்விட்டது. பழைய கணக்கில் மிச்சம் கிடந்த பணமும் போயிற்று. துபாய்க்காரன் அழைத்துப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று பயந்து எனக்கு நடுராத்திரியில் போன் செய்தான். சரி, பழைய நிறுவனத்துக்கே திரும்பலாம் என்றால் 90 நாள் பொறுக்க வேண்டுமாம், விதி அப்படி. ஏமாற்றியவன் மாற்றுவதற்குச் சில நாள், ஏமாந்தவள் திரும்புவதற்கு மூன்று மாதம்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் அதிகம் இல்லை. மாதத்துக்கு இத்தனை சிம் என்று அவன் தலையில் ஒரு கணக்கை வைத்து வெயிலில் நிறுத்தியவன் குளிர்ந்த அறையில் இருக்கிறான்.

இதைக் கேட்டபோது நீ முன்பு எழுதிய காசோலைக் கதை எனக்கு ஞாபகம் வந்தது. உங்கள் ஊரில் 1984-ல் ஏ.டி.அண்ட்.டி. என்ற பெரிய டெலிபோன் நிறுவனத்தைப் பிரித்த பிறகு, தொலைதூர அழைப்புக்கு எந்த நிறுவனம் வேண்டும் என்று வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம் என்று ஆக்கினார்கள் அல்லவா? அப்புறம் இரவுச் சாப்பாட்டு நேரம் பார்த்து விற்பனை அழைப்பு. உன் வீட்டுக்குத் தபாலில் ஒரு காசோலையே வந்தது. மதினி சந்தோஷமாக வங்கியில் போட்டுவிட்டாள். அதன் பின்பக்கம் கையெழுத்துப் போட்டால் நிறுவனத்தை மாற்றச் சம்மதித்ததாக அர்த்தம் என்று பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. காசோலையாவது அனுப்பாமல், கேட்காமலே மாற்றியவர்களும் இருந்தார்கள், அதைத் தடுக்க 1996-ல் சட்டத்திலேயே ஒரு பிரிவு சேர்க்க வேண்டி வந்தது என்றும் எழுதியிருந்தாய். அப்போது நான், அமெரிக்காக்காரன் மூளையே தனி என்று சிரித்தேன். அது அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்துக்கு வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது, அவ்வளவுதான். (ஸ்பெயினோடு சண்டை போட 1898-ல் டெலிபோன் மேல் விதித்த வரி, நடுவில் எடுத்தும் மறுபடி போட்டும், தொலைதூர அழைப்பு பில்லில் 2006 வரை ஒட்டிக்கொண்டிருந்த நாடு உன்னுடையது. இதில் மட்டும் நாங்கள் உங்களை எட்டிப் பிடிக்க முடியாது.)

இன்னொன்று, மாதம் என்று சொல்லி 28 நாள் கொடுக்கிற வித்தை. பன்னிரண்டு மாதத்துக்குப் பதின்மூன்று ரீசார்ஜ். இதைப் பற்றி முறையீடுகள் குவிந்த பிறகு, 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கிற திட்டம் ஒன்றும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் டிராய் சொன்னது. வைத்திருக்கிறார்கள். கேட்டால் காட்டுவார்கள், கேட்காதவனுக்கு 28 நாள். இணையமே வேண்டாத பெரியம்மை போன்றவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் வேண்டும் என்ற விதி 2024 டிசம்பரில் வந்தது. அதையும் நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

பெரியம்மை விஷயத்தை நான் விடவில்லை. நிறுவனத்தில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்கி, மேல்முறையீடும் செய்து, "வாடிக்கையாளர் சம்மதத்துடனேயே மாற்றப்பட்டது" என்ற பதிலைப் பெற்று, எல்லாவற்றையும் கோத்துத் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறோம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. நடுவில் சில வருடம் இந்த வழியும் அடைபட்டுத்தான் கிடந்தது. டெலிபோன் பில் தகராறு என்றால் 1885-ம் வருடத்துத் தந்திச் சட்டப்படி நடுவரிடம்தான் போக வேண்டும், நுகர்வோர் மன்றத்துக்கு வரக்கூடாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2022 பிப்ரவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு அது சரியில்லை என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டது. தந்தியே 2013-ல் செத்துப்போயிற்று, அதன் சட்டம் அதற்குப் பிறகும் நம் குறுக்கே நின்றிருக்கிறது பார்.

துபாய்க்காரன் சிரிக்கிறான். "போன காசு பஸ் சார்ஜுக்குக் காணாது, இதற்குப் போய் வழக்கா?" என்கிறான். பெரியம்மை அவனிடம், "காசு கிடக்கட்டும். என் நம்பரை என்னைக் கேட்காமல் எப்படி மாற்றினான்? அதற்கு அவன் பதில் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டாள். விசாரணைக்கு நானும் கூட வர வேண்டும் என்று உத்தரவு.

நீயும் சும்மா இராதே. உங்கள் நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யில் இலவசமாகப் புகார் கொடுக்கலாம், நிறுவனம் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று படித்தேன். அழைப்பு ஒன்றும் செய்யாத நாட்களைத் தனியே குறித்து, எந்த நேரத்தில் எவ்வளவு இணையம் போனது என்ற விவரத்தைக் கேள். கொடுக்கத் தயங்குவார்கள், விடாதே. அடுத்த முறை வரும்போது விமானம் ஏறும் முன்பே ரோமிங்கை அணைத்துவிடு. இங்கே ஒரு சிம் வாங்கித் தருகிறேன், குடைக்குக் கீழே அல்ல.

உன் அக்கா மகன் தை மாதம் அங்கே வருகிறானாம். அவனிடம் கள்ளிடைக்குறிச்சி அப்பளம் கொடுத்துவிடுகிறேன். மதினிக்கு வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டு எழுது. மார்கழிக்குள் எழுதினால் வாங்கி வைக்க வசதியாக இருக்கும்.

உன்,
நம்பி