மலைச்சரிவுத் திருப்பணி: அங்கத்தினர்களுக்கு நிறைவு அறிக்கை

அங்கத்தினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோயிலுக்குப் பின்னால் உள்ள மலைச்சரிவில் 2022 மே மாதம் தொடங்கிய காடு மீட்புத் திருப்பணி 2025 வைகாசியோடு நிறைவடைந்தது. வேலை நடந்த இடம் 3 ஆர்ப்பாங், ஏறக்குறைய 1.27 ஹெக்டேர். வரவு செலவுக் கணக்கை அலுவலகத்தில் பார்க்கலாம். செலவில் பெரும்பங்கு வேலிக்கே போனது என்பதை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

மொரிசியஸில் நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் இயற்கைக் காடு நாட்டின் பரப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு. நம் சரிவு பச்சையாக இருந்ததால் பலரும் அதைக் காடு என்றே எண்ணியிருந்தார்கள். அந்தப் பச்சையில் பெரும்பகுதி பிரேசிலிலிருந்து வந்த கோயாவ் த சின் என்னும் சிறு கொய்யா, இலங்கையிலிருந்து வந்த பிரிவே என்னும் புதர்மரம், உண்ணிச்செடி, லியான் செர்ஃப். கடைசியில் சொன்ன கொடி வேறெதுவும் இல்லை, பழந்தமிழ்ப் பாட்டில் மணக்கும் குருக்கத்திதான். பூசைக்குப் பூ கிடைக்குமே, ஒன்றிரண்டை விட்டுவையுங்கள் என்று கேட்டவர்கள் உண்டு. இந்த மண்ணில் அது மரத்தின் தலைக்கு மேல் ஏறிப் படர்ந்து வெயிலை மறைத்து, பாரத்தாலேயே கிளையை ஒடிக்கிறது. காய்க்கு மூன்று இறக்கை, காற்றில் எங்கும் போகும். ஒன்றும் விட்டுவைக்கவில்லை. கொய்யாப் பழத்தை உப்பு மிளகாயோடு தின்ன இனி எங்கே போவது என்ற குறையும் காதில் விழுந்தது. வேலிக்கு வெளியே இன்னும் வேண்டிய மட்டும் இருக்கிறது.

கொய்யாவை வெட்டினால் சாகாது. வெட்டிய இடத்தில் ஐந்தாறு தளிர் கிளம்பும். விரல் பருமனுக்குக் குறைந்த கன்றுகளை மழைக்கு மறுநாள், மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்கினோம். பிடுங்கியதைத் தரையில் போட்டால் ஈரம் பட்டு மறுபடி வேர்விடும். அதனால் வேர் மண்ணைத் தொடாதபடி கிளைக் கவட்டையில் தலைகீழாக மாட்டினோம். பருத்தவற்றைத் தரையை ஒட்டி அறுத்து, கட்டையில் களைக்கொல்லியைத் தூரிகையால் பூசினோம். பட்டைக்குச் சற்று உள்ளே இருக்கும் ஈர வளையம்தான் மருந்தை வேருக்கு இறக்கும், நடுக்கட்டையில் பூசுவது வீண். அறுத்த சில நிமிடங்களில் பூசாவிட்டால் அந்த வளையம் காய்ந்து மருந்து இறங்காது. எது பூசியது, எது பூசாதது என்று தெரிய மருந்தில் சாயம் கலந்தோம். தெளிப்பானை எங்கும் பயன்படுத்தவில்லை. செங்குத்தான இடங்களில் பிடுங்குவதையும் விட்டுவிட்டோம், வேரோடு மண்ணும் வந்துவிடுகிறது.

முதல் ஆண்டு செய்த பெரிய தவறு, கிழக்குப் பக்கத்தை ஒரே மூச்சில் வெறுமையாக்கியது. வெயில் நேராகத் தரையில் விழுந்ததும் உண்ணிச்செடியும் கொய்யா நாற்றும் பாய் விரித்தாற்போல் முளைத்தன. அதன்பின் ஒரு துண்டில் பாதி நிழலை விட்டு, நட்ட கன்று இடுப்பளவு வளர்ந்த பிறகே மீதியை எடுத்தோம். மெதுவான வேலைதான், ஆனால் களை பாதியாகக் குறைந்தது.

இன்னொரு தவறு சிறியது, ஆனால் மனத்தை உறுத்துவது. இந்தத் தீவுக்கே உரிய போய் தோலிவ் என்னும் மரத்தின் இளங்கன்றில் இலை நாடாபோல் ஒடுங்கி நடுநரம்பு சிவந்திருக்கும், மரமான பின்புதான் இலை அகலும். இது தெரியாமல், தானாக முளைத்திருந்த கன்றுகளையே களையென்று பிடுங்கிவிட்டோம். இப்போது களையெடுப்புக்கு முந்தின நாளே காப்பாற்ற வேண்டிய ஒவ்வொரு கன்றுக்கும் மஞ்சள் நாடா கட்டுகிறோம்.

வெட்டவெளியில் முதலில் நட்டது விராலி. முருகன் குடிகொண்ட விராலிமலைக்குப் பேர் தந்த அதே செடி இந்தத் தீவுக்கும் சொந்தம், இங்கே போய் த ரெனெத் என்கிறார்கள். காற்றையும் வறட்சியையும் தாங்கி மற்ற கன்றுகளுக்கு நிழல் கொடுக்கும். விதையின் தோல் கெட்டி, சும்மா விதைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். கொதிக்கவைத்து இறக்கிய நீரில் ஒரு நிமிடம் போட்டு, இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தோம். அதன் நிழல் வந்த இடங்களில் போய் தோலிவும் எபேன் என்னும் கருங்காலி வகை மரமும். குழி 40 செ.மீ. ஆழமும் அகலமும், பள்ளப் பக்கம் பிறைபோல் கல்லடுக்கு. நடவு டிசம்பர், ஜனவரி மழையில்தான். பையில் அதிக நாள் இருந்து வேர் சுருண்ட கன்றுகள் பெரும்பாலும் பட்டுப்போயின. வேப்பங்கன்று, அரசங்கன்று உபயம் தந்தவர்கள் மன்னிக்கவும், அவை இந்தத் தீவின் மரங்கள் அல்ல, அதனால் கோயில் முற்றத்துக்கு மட்டுமே.

ஓடைப் பள்ளத்தில் சாந்து இல்லாமல் ஐந்து கல் தடுப்புகள் கட்டினோம். கீழ்த் தடுப்பின் உச்சி, மேல் தடுப்பின் அடிமட்டத்துக்குச் சமமாக வரும்படி இடைவெளி வைத்தோம். நீர் வழிய ஒவ்வொன்றிலும் நடு தாழ்ந்திருக்கும். 2024 ஜனவரி 15 பெலால் புயலில் மூன்றாவது தடுப்பு போயிற்று. கல்லின் குற்றமில்லை. ஒரு முனையைக் கரைக்குள் போதுமான ஆழம் புதைக்காமல் விட்டிருந்தோம், நீர் பக்கவாட்டில் அறுத்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டும்போது இரு முனைகளையும் அரை மீட்டர் உள்ளே இறக்கினோம். படிப்பாதை ஓரத்தில் மட்டம் பிடித்து வெட்டிவேர் வைத்திருக்கிறோம். நட்ட வகை விதையால் பரவாது, அதனால்தான் வெளிநாட்டுச் செடிக்கு இந்த ஒரு விதிவிலக்கு.

1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மான்தான் கன்றுக்கு முதல் எதிரி. வேலி 2 மீட்டர் உயரம். காட்டுப்பன்றி தோண்டாமலிருக்க அடிக்கம்பியை வெளிப்புறம் மடக்கிக் கல் ஏற்றினோம். குரங்கை எந்த வேலியும் தடுக்காது. கொய்யா விதை மண்ணில் நெடுநாள் உயிரோடு இருப்பதில்லை, ஆனால் குரங்கும் கொந்தே எனப்படும் கொண்டைக்குருவியும் வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே திருப்பணி நிறைவு என்றாலும் களையெடுப்பு நிற்காது. புதிதாக நட்ட இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பழைய இடத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

அடுத்த முறை ஆடிக் கிருத்திகைக்கு மறு ஞாயிறு, காலை 7 மணி. முழுக்கைச் சட்டையும் கையுறையும் போதும், கத்தி கொண்டுவர வேண்டாம். வேலி வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் பிரஷும் இருக்கும், காலணியின் அடியில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு