கைபேசியின் அழகும் காம்போவின் விலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் புதிய கைபேசிகளை அறிமுகம் செய்யும் வாராந்தரப் பகுதியை நானும் என் மகளும் தவறாமல் படித்து வருகிறோம். அண்மையில் அப்பகுதியில் முப்பதாயிரம் ரூபாய்க்குட்பட்ட கைபேசிகளைப் பற்றி எழுதியிருந்தபோது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் அவற்றுள் ஒன்றைக் குறித்து வைத்துக்கொண்டாள். இரு ஓரமும் வளைந்து இறங்கும் திரை, தோல் போர்த்தியது போன்ற பின்புறம், கையில் இருப்பதே தெரியாத மெல்லிய உடல், விலை 28,999 ரூபாய். அதை வாங்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்ய எங்களுக்கு மூன்று வாரங்கள் ஆயின. அந்த மூன்று வாரங்களில் நாங்கள் அலைந்து திரிந்து தெரிந்துகொண்டவற்றுள் மிக முக்கியமானவை கடையிலும் இல்லை, பெட்டியின் மேலும் இல்லை, தங்கள் பகுதியிலும் இல்லை. அதனால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அழகுக்காகக் கைபேசி வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. நாளொன்றுக்கு நூறு தடவை கையில் எடுக்கும் பொருள் கண்ணுக்குப் பிடித்ததாக இருந்தால் என்ன தவறு என்று மகள் கேட்டது எனக்கு நியாயமாகவே பட்டது. ஆனால், துறைமுகத்தை நம்பி நடக்கும் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் எனக்கு அந்த விலை ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். 2020 ஏப்ரலில் 12 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்த ஜி.எஸ்.டி. மட்டுமே அதில் ஏறத்தாழ 4,400 ரூபாய். இவ்வளவு கொடுத்து வாங்கும் கைபேசி அவள் படிப்பை முடித்து வேலைக்குப் போகும்வரை, அதாவது குறைந்தது நான்கு ஆண்டுகள், உழைக்க வேண்டும் என்பதே நான் வைத்த ஒரே நிபந்தனை.

கடைக்காரத் தம்பி பொறுமையாகவே எல்லாவற்றையும் காட்டினார். கேமராவின் மெகாபிக்சல், திரையின் வெளிச்சம், எத்தனை நிமிடத்தில் சார்ஜ் ஏறும் என்பதையெல்லாம் மனப்பாடமாகச் சொன்னார். இதற்கு எத்தனை ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட் வரும், திரை உடைந்தால் மாற்ற எவ்வளவு ஆகும் என்று நான் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு மட்டும் அவரிடம் விடை இல்லை. 'உடைந்தால் இன்சூரன்ஸ் இருக்கிறது சார்' என்று சொல்லி, அதற்குத் தனியாக ஒரு தொகையைக் குறிப்பிட்டார்.

முதல் கேள்வியை நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. 2021-இல் நான் வாங்கிய கைபேசிக்கு இரண்டே ஆண்டுகளில் அப்டேட் நின்றுபோயிற்று. கருவியில் ஒரு குறையும் இல்லை. பேட்டரிகூட மாலை வரை நின்றது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் வராத கைபேசியில்தான் வங்கிக் கணக்கையும் பணப் பரிமாற்றச் செயலிகளையும் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது. மற்றொன்றையும் இந்த முறை தேடியபோது அறிந்தேன். 'நான்கு ஆண்டுகள் அப்டேட்' என்று நிறுவனம் சொன்னால், பெரும்பாலும் அந்தக் கணக்கு அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறதே தவிர, நாம் வாங்கிய நாளிலிருந்து அன்று. ஓராண்டு பழைய மாடலைத் தீபாவளித் தள்ளுபடியில் மூவாயிரம் குறைவாக வாங்கும் வாசகர், அந்த மூவாயிரத்துக்கு ஓராண்டு அப்டேட்டை விட்டுக்கொடுக்கிறார்.

இரண்டாம் கேள்விக்கு விடை சொன்னவர், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சிறிய கடை வைத்துப் பல ஆண்டுகளாகக் கைபேசி பழுது பார்த்து வரும் ஒருவர். மேலே உள்ள கண்ணாடியும், தொடுதலை உணரும் அடுக்கும், படம் காட்டும் பலகையும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டு ஒரே பொருளாக வருவதால் அதைப் பழுது பார்ப்பவர்கள் 'காம்போ' என்கிறார்கள். கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்து உள்ளே படம் நன்றாகத் தெரிந்தாலும், பெரும்பாலும் முழுக் காம்போவையும் மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். வளைந்த திரையில் சாதாரண டெம்பர்டு கிளாஸ் ஓரத்தில் படியாது; அதற்கென்று பசை ஊற்றி ஒட்டும் தனி வகை வேண்டும். பக்கவாட்டில் விழுந்தால் முதலில் அடி வாங்குவதும் அந்தக் கண்ணாடி ஓரந்தான். அமோலெட் என்ற வகைத் திரைகளில் திடீரென்று மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்துவிடுவதையும் அவர் சொன்னார். அப்படி இரண்டு கைபேசிகள் அன்றைக்கே அவர் மேசையில் இருந்தன. பிறகு அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே நேரில் சென்று விலை கேட்டேன். வளைந்த திரைக்கு 11,000 ரூபாய்க்கு மேல் சொன்னார்கள். அதே நிறுவனத்தின் தட்டைத் திரை மாடலுக்கு ஏறத்தாழ அதில் பாதி. கைபேசியின் விலையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் திரைக்கே போகும் என்பதை வாங்கிய பின் அறிவதால் யாருக்கு என்ன பயன்?

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது; மூன்று நாட்கள் மின்சாரம் இல்லை. தண்ணீரில் இறங்கிப் பால் வாங்கப் போன பக்கத்து வீட்டுப் பையனின் கைபேசி நனைந்து செயலிழந்தது. மழையையும் வெள்ளத்தையும் கண்ட வடசென்னைக்காரர்களுக்கு விளம்பரத்தில் வரும் 'ஐ.பி. 68' என்ற தண்ணீர்க் காப்புக் குறி பெரிய ஆறுதலாகத் தெரியும். ஆனால் அந்தக் குறி ஆய்வுக்கூடத்தில், அசையாத நன்னீரில், நிறுவனம் குறிப்பிடும் ஆழத்திலும் நேரத்திலும் சோதித்துத் தரப்படுவது. காசிமேட்டுக் கடல் நீருக்கோ, சாக்கடை கலந்த வெள்ளத்துக்கோ அது உறுதி தருவதில்லை. ஒருமுறை காம்போ மாற்றத் திறந்துவிட்டால், மறுபடியும் முறையாக ஒட்டாவிட்டால் அந்தக் காப்பும் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீரால் வந்த பழுதைப் பெரும்பாலான நிறுவனங்களின் வாரண்டி ஏற்றுக்கொள்வதே இல்லை. மின்சாரம் இல்லாத அந்த மூன்று நாட்களும் எங்கள் வீட்டில் கடைசிவரை பேச முடிந்தது, 5,000 எம்.ஏ.எச். பேட்டரியோடு தடிமனாக இருந்த என் மனைவியின் கைபேசியில்தான் என்பதையும் மெல்லிய உடலை விரும்புவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வட்டியில்லா மாதத் தவணை குறித்து ஒரு சொல். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்திவிட்டது. கிரெடிட் கார்டுத் தவணையில் வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டினாலும், அந்த வட்டியின் மீதான ஜி.எஸ்.டி.யும் செயல்பாட்டுக் கட்டணமும் நம் தலையில்தான் விழுகின்றன. கையிலிருந்த பணத்தைக் கொடுத்து வாங்குவதென்று முடிவு செய்தோம்.

முடிவில் நாங்கள் வாங்கியது அந்த வளைந்த திரைக் கைபேசியை அன்று. அதே நிறுவனத்தின் தட்டைத் திரை மாடலை, நாலாயிரம் ரூபாய் குறைவாக, மகள் தானே தேர்ந்தெடுத்த கரும்பச்சை நிறத்தில் வாங்கினோம். சந்தைக்கு வந்து இரண்டு மாதங்களே ஆன மாடல் என்பதால், சொன்ன அப்டேட் காலம் ஏறக்குறைய முழுதாகக் கிடைக்கும். வளைந்த திரை அழகில்லை என்று நான் சொல்லமாட்டேன். கடை வெளிச்சத்தில் அது உண்மையிலேயே மனத்தை இழுத்தது. உடைந்தால் மாற்றும் வசதி உள்ளவர்கள், இரண்டு ஆண்டுகளில் வேறு வாங்கப்போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஒரே கைபேசியை நான்கு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய குடும்பத்துக்கு அது ஏற்றதன்று என்பதே என் கருத்து. வாங்குவதற்கு முன் பெட்டியில் உள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்ணை, 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிச் சரிபார்த்ததும் மகள்தான். 'KYM' என்று ஆங்கிலத்தில் எழுதி ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து அனுப்ப வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் கைபேசிகளுக்கு ஒரு விவரச் சீட்டு கட்டாயம். எளிதாகப் பழுது பார்க்க முடியுமா, கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், பேட்டரி எத்தனை சார்ஜ் வரை நிலைக்கும் என்பவற்றை அதில் வாங்குபவர் பார்த்துக்கொள்ளலாம். விற்பனை நின்ற பிறகும் முக்கிய உதிரிபாகங்களை 7 ஆண்டுகள் தர வேண்டும் என்றும் அங்கே விதி உள்ளது. நம் நாட்டிலும் பழுது பார்க்கும் தன்மைக்கு மதிப்பெண் வழங்குவது குறித்து மத்திய நுகர்வோர் விவகாரத் துறையின் குழு 2025 மே மாதம் அறிக்கை அளித்துள்ளது. 2006-இல் நோக்கியா ஆலை வந்த ஸ்ரீபெரும்புதூர் நமக்கு அருகில்தான் இருக்கிறது; உலகுக்கே கைபேசி செய்து அனுப்பும் மாநிலத்தில், ஒரு திரையின் விலையை அறிய அரைநாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை, தங்கள் பகுதியில் ஒரு கைபேசியை அறிமுகம் செய்யும்போது, அந்த மாடல் சந்தைக்கு வந்த மாதம், பாதுகாப்பு அப்டேட் நிற்கும் ஆண்டு, சென்னையில் உள்ள சர்வீஸ் சென்டரில் அதன் காம்போவின் விலை ஆகிய மூன்றையும் நிறுவனத்திடம் கேட்டு வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நிறுவனம் பதில் தராவிட்டால், 'பதில் தரவில்லை' என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.